பாறு கழுகைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் விட்டால் இனம் மீளுமா?

கேள்வி: நீலகிரிக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில், பிணம் தின்னும் பாறு கழுகுகள் சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். கோழிப்பண்ணை போலக் கூண்டில் ஆயிரக்கணக்கில் பொரிக்க வைத்து வெளியே விட்டால் ஆயிற்றே, ஏன் செய்யவில்லை?

பதில்:

இந்தியாவில் அந்த வேலை 20 ஆண்டுகளாக நடக்கிறது. ஹரியானா மாநிலம் பிஞ்சோரில் வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சேர்ந்து தொடங்கிய மையம்தான் மூத்தது. மேற்கு வங்கத்தில் ராஜாபட்காவா, அசாமில் ராணி, மத்தியப் பிரதேசத்தில் போபால் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. ஆனால் "ஆயிரக்கணக்கில்" என்பது நடக்காது. எவ்வளவு பணம் கொட்டினாலும் பாறு பெருகும் வேகம் அதற்கு இடம் கொடுக்காது.

பாறு இனங்களில் ஒன்றான வெண்முதுகுப் பாறு ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஏறத்தாழ 50 முதல் 55 நாள் அடை. பொரித்த குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஐந்து வயதாவது ஆக வேண்டும். இப்படி மெதுவாகப் பெருகும் பறவை இத்தனை காலம் பிழைத்து வந்ததற்குக் காரணம், வளர்ந்த பறவைகள் எளிதில் சாவதில்லை என்பதுதான். அதில் கைவைத்தால் எல்லாம் சரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. காட்டில் 100 இணை இருக்கின்றன. ஆண்டுதோறும் பாதி இணைகள் தலா ஒரு குஞ்சைத் தேற்றிப் பறக்க விடுகின்றன. ஆக 50 குஞ்சு. அவற்றில் 40 சதவீதம் ஐந்து வயதைத் தொடுகின்றன; ஆக 20 பறவை வரவு. வளர்ந்த 200 பறவைகளில் ஆண்டுக்கு 5 சதவீதம் செத்தால் செலவு 10, கூட்டம் பெருகும். 10 சதவீதம் செத்தால் செலவு 20. வரவும் செலவும் சரி. 15 சதவீதம் செத்தால் செலவு 30. ஆண்டுக்குப் பத்துப் பறவை குறையும்.

அந்தப் பத்தைக் கூண்டிலிருந்து ஈடுகட்டப் பார்ப்போம். விடுவிக்கும் குஞ்சுகளில் பாதி ஐந்து வயது வரை தேறும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 20 குஞ்சு விட்டாக வேண்டும். 25 இணை உள்ள ஒரு மையத்தில் 60 சதவீதம் வெற்றி என்றால் கிடைப்பது 15. ஒரு முழு மையம் ஓய்வில்லாமல் இயங்கியும் வெறும் 100 இணையைச் சரியாமல் பிடித்து நிறுத்த முடியவில்லை. அதே இடத்தில் சாவை 15 சதவீதத்திலிருந்து 10-க்கு இறக்கிவிட்டால் மையமே வேண்டியதில்லை. கூண்டு வளர்ப்பைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் நாட்டில் நடந்ததோ இதைவிடப் பல மடங்கு மோசம். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. கருங்கழுத்துப் பாறுவும் மெல்லலகுப் பாறுவும் சேர்ந்து சுமார் 97 சதவீதம் குறைந்தன. காரணம் 2004-ல் தெரிந்தது: மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்டுச் சில நாளில் செத்த மாட்டைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படியும். இரண்டொரு நாளில் பறவை செத்துவிடும். ஒரே மாட்டில் பல பத்துப் பறவைகள் கூடித் தின்பதால் நஞ்சு கொஞ்சம் இருந்தாலே போதும். செத்த மாடுகளில் ஏறத்தாழ 760-ல் ஒன்று முதல் 130-ல் ஒன்று வரை மருந்து இருந்தாலே இந்த அளவு வீழ்ச்சி வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். ஆனால் அதன் இடத்துக்கு வந்த கீட்டோப்ரோஃபெனும் பாறுவைக் கொன்றது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறியது. இவை இரண்டும் 2023-ல்தான் கால்நடைக்குத் தடையாயின. இடைப்பட்ட காலம் முழுவதும் கூண்டில் வைத்திருந்த பறவைகளால் கிடைத்த பயன் ஒன்றே ஒன்று: வெளியே மருந்துக்கடை சரியாகும் வரை இனம் அடியோடு அற்றுப்போகாமல் இருந்தது. கூண்டு வளர்ப்பு செய்து தரக்கூடியது அவ்வளவுதான். அதுவும் சிறிய உதவியல்ல.

இதே கதையின் நீண்ட வடிவம் அமெரிக்காவின் கலிபோர்னியா காண்டோர். அதுவும் பிணம் தின்னும் பறவை, அதற்கும் உணவில்தான் நஞ்சு. மூன்று மீட்டரை நெருங்கும் சிறகு விரிப்பு, எட்டொன்பது கிலோ எடை, பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒரு குஞ்சு. 1982-ல் உலகில் மொத்தம் 22 இருந்தன. பிடிப்பதா, காட்டிலேயே விட்டுக் காப்பதா என்று பெரிய சண்டை நடந்தது. 1984-85 குளிர்காலத்தில் காட்டில் இருந்த 15-ல் ஆறு காணாமல்போனதும் சண்டை முடிந்தது. 1987 ஏப்ரலில் கடைசிக் காட்டுப் பறவையும் பிடிபட்டது. சான் டியகோ, லாஸ் ஏஞ்சலஸ் மையங்களில் எல்லாம் சேர்த்து 27.

அங்கே முதலில் செய்தது முட்டைக் கணக்கை ஏமாற்றுவது. முதல் முட்டை இட்ட சில நாளில் அதை எடுத்துவிட்டால், சுமார் ஒரு மாதத்தில் அந்த இணை இன்னொன்று இடும். எடுத்த முட்டை இன்குபேட்டருக்குப் போகும், இரண்டாவதைப் பெற்றோரே அடைகாக்கும். பிஞ்சோரிலும் பின்னால் இதே முறையைக் கையாண்டார்கள். சொல்ல எளிது; கெடுவதற்கு வழிகள் பல. வெப்பம் 36 முதல் 37 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும், முட்டையை நாளுக்குப் பல முறை திருப்ப வேண்டும். இவற்றைவிட முக்கியம் எடை. குஞ்சு ஓட்டை உடைக்கத் தொடங்கும்போது முட்டை தன் தொடக்க எடையில் 12 முதல் 15 சதவீதத்தை நீராவியாக இழந்திருக்க வேண்டும். 280 கிராம் காண்டோர் முட்டை என்றால் சுமார் 57 நாளில் 34 முதல் 42 கிராம். தினமும் நிறுத்து வரைபடத்தில் குறித்துக்கொண்டே வர வேண்டும். எடை குறையாவிட்டால் உள்ளே காற்றறை சிறுத்துக் குஞ்சு நீரில் மூச்சுமுட்டிச் சாகும். அப்போது பெட்டியின் ஈரப்பதத்தைக் குறைக்க வேண்டும். வேகமாகக் குறைந்தால் சவ்வு உலர்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதத்தை ஏற்ற வேண்டும். முதல் விரிசலுக்கும் குஞ்சு வெளிவருவதற்கும் இடையே இரண்டு மூன்று நாள் ஆகும். பொறுமையிழந்து முன்கூட்டியே ஓட்டை உரித்தால் உள்ளே இன்னும் உறிஞ்சப்படாத மஞ்சள் கருவும் இரத்தக் குழாயும் கிழியும்.

அடுத்த சிக்கல், பொரித்த குஞ்சை யார் வளர்ப்பது என்பது. மனித முகத்தைப் பார்த்து வளர்ந்தால் மனிதனையே தன் இனமாக நினைத்துக்கொள்ளும் என்று, காண்டோர் தலை வடிவில் கையுறைப் பொம்மை செய்து அதன் வழியே ஊட்டினார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பொம்மை ஊட்டும், அதட்டாது. உண்மையான பெற்றோர் கொத்தியும் தள்ளியும் கற்றுத்தரும் அடக்கம் அந்தக் குஞ்சுகளுக்கு வரவில்லை. 1992-லிருந்து விடுவிக்கப்பட்ட இளம் பறவைகள் வீட்டுக் கூரைகளில் வந்து உட்கார்ந்தன, மனிதரை அண்டின. மின்கம்பங்களில் அமர்ந்து, கம்பிகளில் மோதிப் பல செத்தன. ஒன்று வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தைக் குடித்துச் செத்தது. பிழைத்தவற்றைத் திரும்பப் பிடித்துவந்தார்கள். கூண்டுக்குள் போலி மின்கம்பம் நட்டு, அதில் உட்கார்ந்தால் லேசான ஷாக் அடிக்கும்படி செய்தார்கள். பக்கத்தில் இருந்த மரக்கிளையில் உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. கம்பத்தை வெறுக்கக் கற்ற பிறகே வெளியே விட்டார்கள். இளசுகளோடு ஒரு வளர்ந்த பறவையை ஆசானாகக் கூண்டில் வைப்பதும் பிறகு வழக்கமாயிற்று. பெற்றோரே வளர்க்க முடிந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. கையால் வளர்ப்பது எண்ணிக்கையைக் கூட்டும். விடுவித்த பின் எத்தனை நிற்கும் என்று பார்த்தால் அந்த இலாபத்தில் பாதி போய்விடும்.

மரபணு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காண்டோர்கள் அனைத்தும் 14 மூதாதைப் பறவைகளின் வழி வந்தவை. அந்தச் சிறு குழுவுக்குள் ஒளிந்திருந்த ஒரு குறைபாடு, எலும்பு வளராமல் முட்டைக்குள்ளேயே குஞ்சைக் கொல்லும் குள்ளத்தன்மை, கூண்டில் வெளிப்பட்டது. அதனால் எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்பதை வம்சாவளிப் பதிவேடுதான் தீர்மானிக்க வேண்டும். நன்றாகக் குஞ்சு பொரிக்கும் ஓர் இணையையே நம்பி ஓட்டுவது பராமரிப்பாளருக்கு வசதி, இனத்துக்குக் கேடு. பயனுறு எண்ணிக்கை, அதாவது அடுத்த தலைமுறைக்கு மரபைக் கடத்தும் பறவைகளின் அளவு, 25 என்று இருந்தால் ஒரு தலைமுறைக்கு 2 சதவீத மரபு வேறுபாடு கரையும், பத்துத் தலைமுறையில் சுமார் 18 சதவீதம். கூண்டில் பிறந்து கூண்டிலேயே பெருகும் தலைமுறைகள் கூடக் கூடக் கூண்டு வாழ்வுக்கு ஏற்றவையே மிஞ்சும். எனவே சீக்கிரம் விடுவிப்பதும் மரபணுக் காரணத்தால்தான்.

காண்டோரின் எண்ணிக்கை இன்று 500-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் வெளியே பறக்கின்றன. வெற்றிதானே என்றால், பாதி வெற்றி. வேட்டைக்காரர் சுட்ட மானின் உடலில் ஈயத் தோட்டா நூற்றுக்கணக்கான துணுக்காகச் சிதறிக் கிடக்கும். அதைத் தின்னும் காண்டோருக்கு இரத்தத்தில் ஈயம் ஏறி இரைப்பை இயக்கம் நிற்கும். தொண்டைப்பை நிறைய இறைச்சி இருக்கும்போதே பட்டினியால் சாகும். காரணம் தெரிந்த சாவுகளில் ஏறக்குறைய பாதி ஈயத்தால். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வெளியே இருக்கும் பறவைகளைப் பிடித்து, இரத்தம் சோதித்து, தேவைப்பட்டால் ஈயத்தை வெளியேற்றும் ஊசி போட்டுத் திரும்ப விடுகிறார்கள். இந்தப் பராமரிப்பை நிறுத்தினால் இனம் மீண்டும் பழைய நிலைக்கே சரியும் என்று 2012-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேட்டைக்கு ஈயத் தோட்டாவைக் கலிபோர்னியா மாநிலம் முழுமையாகத் தடைசெய்தது 2019 ஜூலையில்தான், பக்கத்து மாநிலங்களில் அப்படிச் சட்டம் இல்லை. செப்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது, நன்றாகவும் சுடுகிறது. ஆக சிக்கல் பறவையியலில் இல்லை. நம் ஊரில் பாறுவைக் கொல்லாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கிடைத்தும் வேறு ஊசி போடுவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

பாறுவுக்கு வருவோம். விடுவிக்கும் முன் அந்த வட்டாரம் பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பாறு ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் சுற்றும். அதனால் 100 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்கு, அதாவது 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், பாதுகாப்பு வளையம் என்று வகுத்துக்கொள்கிறார்கள். முதல் வேலை மருந்துக்கடைச் சோதனை: விவசாயி போல் போய் "மாட்டுக்குக் காய்ச்சல், வலி ஊசி கொடுங்கள்" என்று கேட்டு, என்ன கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது. நேராக "டைக்ளோஃபினாக் இருக்கிறதா" என்று கேட்டால் உண்மை வராது. இரண்டாவது, செத்த மாடுகளின் ஈரலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது.

இந்த இரண்டாவது வேலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 300 மாட்டைச் சோதித்து ஒன்றில்கூட மருந்து இல்லையென்றால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் புள்ளியியல்படி, n மாதிரியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உண்மை அளவு 3/n வரை இருக்கலாம். 300-ல் சுழியம் என்பது நூற்றுக்கு ஒன்று வரை இருக்க இடமுண்டு என்றே பொருள். மேலே சொன்ன ஆபத்து எல்லையின் கீழ்முனை 760-ல் ஒன்று. அதையும் இல்லை என்று உறுதிப்படுத்த 2,280 மாதிரி வேண்டும். அவ்வளவு எடுப்பது மிகக் கடினம் என்பதால்தான் முதலில் விடுவிக்கும் சில பறவைகளே சோதனைக் கருவி ஆகின்றன. சங்கடமான உண்மை, ஆனால் மறைக்க வேண்டியதில்லை.

விடுவிப்பதற்கு வெறுமனே கதவைத் திறந்துவிட்டால் போதாது. காட்டுப் பாறுகள் வந்து போகும் இடத்தில் விடுவிப்புக் கூடம் கட்டி, உள்ளே இளம் பறவைகளைச் சில மாதம் வைத்து, வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இரை போட வேண்டும். காட்டுப் பறவைகள் வந்து தின்பதை இவை பார்க்கும். கூண்டில் பிறந்தவை உயரப் பறந்து பழகாதவை. சிறகுத் தசை வலுக்கக் கூடம் நீளமாக இருக்க வேண்டும். பிஞ்சோரின் கூட்டுக் கூடங்கள் 100 அடி நீளம், 40 அடி அகலம், 20 அடி உயரம். அங்கே இணைகளையும் பறவைகளே தேர்ந்துகொள்ளும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பாலினத்தை மரபணுச் சோதனையில்தான் அறிய வேண்டும். தீனிக்கு வரும் ஆடுகளை ஒரு வாரத்துக்கும் மேலாகக் கட்டிவைத்து, உடலில் இருந்த மருந்து எதுவானாலும் வெளியேறிய பிறகே அறுப்பார்கள். கூண்டுக்குள்ளேயே டைக்ளோஃபினாக் புகுந்துவிட்டால் இருபதாண்டு உழைப்பு ஒரே வாரத்தில் போய்விடும்.

கதவு திறந்த பிறகும் அதே இடத்தில் இரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே போனது பசியில் திரும்பிவர ஓரிடம் வேண்டும். ஒவ்வொரு பறவைக்கும் டிரான்ஸ்மிட்டர், எடையில் 3 சதவீதத்துக்கு மிகாமல். நாலரைக் கிலோ பறவைக்கு 135 கிராம் உச்சவரம்பு. சிக்னல் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அன்றே ஆள் போக வேண்டும். வெயிலில் இரண்டு நாள் கிடந்த உடலில் சிறுநீரகத்தை ஆராய முடியாது. பறவை மருந்தால் செத்ததா, மின்கம்பியாலா என்பது தெரியாமலே போகும். மருந்தால் செத்தது என்று ஒன்றே ஒன்று உறுதியானாலும் அந்த ஆண்டு விடுவிப்பை நிறுத்திவிட்டு மருந்துக்கடைப் பக்கம் திரும்புவதே முறை. எத்தனை விட்டோம் என்ற எண் செய்தித்தாளுக்குப் போதும். கேட்க வேண்டியது, மூன்றாண்டு கழித்து எத்தனை உயிரோடு இருந்தன, எத்தனை தாமே கூடு கட்டின என்பது.

நோய் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அரிய தேரை ஒன்றைக் கூண்டில் பெருக்கி ஓடைகளில் விட்டார்கள். வளர்ப்பிடத்தில் வேறு நாட்டுத் தவளைகளிடமிருந்து தொற்றிய தோல் பூஞ்சையும் கூடவே தீவுக்குள் போய்விட்டது. அமெரிக்காவில் கருங்கால் ஃபெரட் என்ற சிறு ஊனுண்ணியை 1970-களில் காப்பாற்றப் பிடித்தபோது, நாய்களுக்கான டிஸ்டெம்பர் தடுப்பூசியைப் போட்டார்கள். வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் கொண்ட அந்த ஊசியே நான்கு விலங்குகளைக் கொன்றது. வேறு கண்டத்து உயிரினங்களோடு ஒரே வளாகத்தில், ஒரே பணியாளர் இரண்டையும் கவனிக்கும் இடத்தில், விடுவிப்புக்கான விலங்கை வளர்க்கவே கூடாது. மிருகக்காட்சிசாலையின் ஒரு மூலையில் கூண்டு போட்டுச் செய்துவிடலாம் என்ற யோசனைக்கு எதிரான முதல் காரணம் இதுதான்.

நேபாளம் செய்த வரிசை எனக்குச் சரியானதாகப் படுகிறது. சித்வனில் 2008-ல் வளர்ப்பு மையம் தொடங்கியபோதே, மறுபக்கம் மாவட்டம் மாவட்டமாக டைக்ளோஃபினாக்கைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கி மெலாக்சிகாம் கொடுத்தார்கள். கிழட்டு மாடுகளை வாங்கிப் பராமரித்து, இயற்கையாகச் செத்த பின் பாறுகளுக்குப் போடும் இடங்களை ஊர்மக்களே நடத்தினார்கள். காட்டு எண்ணிக்கை சரிவது நின்று ஏறத் தொடங்கிய பிறகு, 2017 நவம்பரில்தான் கூண்டுப் பறவைகளை விட ஆரம்பித்தார்கள்.

மாயாற்றுக்கு இப்போது கூண்டு வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். அங்கே முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வெண்முதுகுப் பாறு தானே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. தெற்கே இவ்வளவு தூரத்தில் நிலைத்திருக்கும் கூட்டம் வேறில்லை. மையம் தொடங்க வேண்டுமானால் மூலப் பறவைகள் வேண்டும். அவற்றை அந்தச் சிறு கூட்டத்திலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும், முதல் குஞ்சு கிடைக்க ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதே பணத்தில் செய்ய வேண்டியவை கண்ணெதிரே கிடக்கின்றன. காட்டில் இயற்கையாகச் செத்த விலங்கைப் புதைக்காமல், எரிக்காமல் விட வேண்டும். புலி அடித்த மாட்டுக்கு உடனே இழப்பீடு கொடுத்தால் ஆத்திரத்தில் யாரும் அந்த உடலில் பூச்சிமருந்து தெளிக்க மாட்டார்கள். அப்படித் தெளித்த ஒரே மாடு ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். காட்டையொட்டிய ஊர்களில் மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் குப்பியின் பெயரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலம் என்றால் போடலாம். ஃப்ளூனிக்சின், நிமெசுலைடு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊசி போட்ட மாடு ஒரு வாரத்துக்குள் செத்துவிட்டால், என்ன மருந்து என்று உறுதியாகத் தெரியாத நிலையில், அந்த ஒன்றை மட்டும் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.